அந்த ஒரு வரியை ஒட்டுவதற்கு முன்

இணையதளம் கட்டித் தரும் தொழில்தோழர்களுக்கு,

வணக்கம்.

கிளினிக், பள்ளிக்கூடம், ஜவுளிக்கடை, கோயில் அறக்கட்டளை, கூட்டுறவுச் சங்கம் என்று நம் பக்கத்து ஊர்களின் இணையதளங்களைக் கட்டிக்கொடுத்துப் பிழைக்கிறவர்களில் நானும் ஒருவன். பதினாறு வருடமாக இதே வேலை. பெரிய நிறுவனங்களில் பாதுகாப்புக்கென்று தனிக் குழு இருக்கும். நமக்கு அந்த வசதி கிடையாது. டிசைனும் நாம்தான், கோடு என்கிற நிரலும் நாம்தான், ராத்திரி பத்து மணிக்கு "சைட் திறக்கல சார்" என்று போன் வந்தால் எடுப்பதும் நாம்தான். வெளி ஆளின் ஸ்கிரிப்டை, அதாவது பக்கத்துக்குள் ஓடும் சின்ன நிரலை, வாடிக்கையாளரின் பக்கத்தில் ஏற்றலாமா கூடாதா என்ற முடிவும் நம் கையில்தான் இருக்கிறது. ஆனால் அதை ஒரு முடிவு என்று நினைத்துக்கூட நாம் எடுப்பதில்லை. ஒரு வரியைக் காப்பி பண்ணி ஒட்டுகிறோம், வேலை முடிந்தது.

நானும் அப்படித்தான் ஒட்டினேன். ஒரு கண் மருத்துவமனைக்குப் பக்கம் கட்டியபோது, "எத்தனை பேர் பார்த்திருக்காங்கன்னு கீழே ஒரு நம்பர் ஓடணும் தம்பி" என்று டாக்டர் ஆசைப்பட்டார். பார்வையாளர் எண்ணிக்கையை இலவசமாகக் காட்டும் சேவைகள் அப்போது நிறைய இருந்தன. அதில் ஒன்றைப் பிடித்து, அவர்கள் கொடுத்த வரியை எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான அடிப்பகுதியில் வைத்தேன். டாக்டருக்குச் சந்தோஷம். எனக்கு அது மறந்தே போனது.

ஐந்தாறு வருடம் கழித்து, வரவேற்பில் இருக்கும் அக்கா போன் செய்தார். டோக்கன் போட வருகிறவர்களுக்கு ரம்மி விளையாட்டுப் பக்கம் திறக்கிறதாம். லேப்டாப்பில் பார்த்தேன், ஒழுங்காக இருந்தது. என் போனில் பார்த்தேன், அதிலும் ஒழுங்காகவே இருந்தது. "அவங்க போன்ல வைரஸ் இருக்கும்க்கா, சரி பண்ணிக்கச் சொல்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் மறுபடி அழைத்தவர், எதிரே நின்ற ஒரு பெரியவரிடமே போனைக் கொடுத்துவிட்டார். கண்புரை ஆபரேஷன் முடிந்து மறுபரிசோதனைக்கு வந்தவர். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார், கையில் டோக்கன் இல்லை. "உங்க ஆஸ்பத்திரி பக்கத்தைத் தொட்டா சீட்டாட்டம் வருதுப்பா. அதைத் தொடாதே தாத்தான்னு பேரன் சொல்லிட்டான்" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. தான்தான் எதையோ தப்பாக அழுத்திவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். என்னை இன்றைக்கும் உறுத்துவது அதுதான்.

அன்று ராத்திரி வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில், பழைய குக்கீ (தளம் பிரவுசரில் விட்டுவைக்கும் குறிப்பு) எதுவும் இல்லாமல் திறந்தேன். இரண்டு நொடி மருத்துவமனையின் பக்கம், அப்புறம் சீட்டுக்கட்டு. ஒவ்வொரு ஸ்கிரிப்டாக எடுத்துப் பார்த்ததில், ஆளைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எண்ணிக்கை காட்டிய சேவை எப்போதோ மூடப்பட்டிருந்தது. அதன் டொமைன், அதாவது இணைய முகவரிப் பெயர், காலாவதியாகி, வேறு யாரோ வாங்கியிருந்தார்கள். முகவரி அதே, கோப்பின் பெயரும் அதே. உள்ளே இருந்தது மட்டும் வேறு. புதிதாக வருகிறவர், போனில் வருகிறவர் என்று பார்த்துப் பார்த்து அது வேலை செய்தது. தினம் திறந்து பார்க்கிற என் கண்ணில் அது படவே படாது.

அந்த டொமைனை வாங்கியவர் என் வீட்டுப் பூட்டை உடைக்கவில்லை. நான் எவரிடமோ கொடுத்திருந்த சாவி, விலைக்கு வந்தபோது வாங்கிக்கொண்டார்.

சாவி என்று சும்மா சொல்லவில்லை. நம்மில் பலருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து வரும் ஸ்கிரிப்டுக்கென்று பிரவுசரிடம் குறைந்த உரிமை என ஒன்று கிடையாது. நம் பக்கத்தில் ஏறிவிட்டால் அது நாம் எழுதிய கோடுதான். படிவத்தில் ஒருவர் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் அது படிக்கலாம். பட்டன் எங்கே போகிறது என்பதை மாற்றலாம். ஒரு பொய்யான ஓடிபி பெட்டியை வரையலாம். ஸ்கிரிப்ட் தொட முடியாதபடி நாம் பூட்டி வைக்காத குக்கீகளை எடுத்துக்கொண்டு போகலாம். தன்னோடு இன்னும் நாலு ஸ்கிரிப்டுகளைக் கூட்டி வரலாம். அந்த நாலும் யாருடையவை என்று நம்மைக் கேட்கப் போவதில்லை. ஓரத்தில் ஒரு கடிகாரம் காட்ட வந்த ஸ்கிரிப்டுக்கும் பணம் வாங்க வந்த ஸ்கிரிப்டுக்கும் பக்கத்துக்குள் ஒரே அதிகாரம்தான்.

எனக்குச் சின்ன அளவில் நடந்ததே 2024இல் உலக அளவில் நடந்தது. பாலிஃபில்.ஐஓ என்ற பெயர் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பழைய பிரவுசர்களில் இல்லாத வசதிகளை நிரப்பிக் கொடுக்கும் இலவசச் சேவை. ஃபைனான்சியல் டைம்ஸ் பத்திரிகையில் வேலை செய்த ஆண்ட்ரூ பெட்ஸ் தொடங்கிய திட்டம். நல்ல நோக்கத்தோடு, நல்ல ஆட்கள் கட்டியது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரோடு மல்லுக்கட்டிய நாட்களில் அது ஒரு வரப்பிரசாதம். பாட வீடியோக்களில் சொல்லிக்கொடுத்தார்கள், வார்ப்புருக்களில் அப்படியே சேர்ந்து வந்தது, நாமும் வைத்தோம்.

2024 பிப்ரவரியில் அந்த டொமைனும் அதன் நிரல் இருந்த கிட்ஹப் கணக்கும் ஃபன்னல் என்ற நிறுவனத்தின் கைக்குப் போயின. அந்த டொமைன் ஒருபோதும் தன் பெயரில் இருந்ததில்லை, அதன் விற்பனையிலும் தனக்குச் சம்பந்தமில்லை, உடனே இதை எடுத்துவிடுங்கள் என்று பெட்ஸே பொதுவெளியில் எழுதினார். அதிலுள்ள எதுவும் இன்றைய இணையதளங்களுக்குத் தேவையே இல்லை என்றும் சொன்னார். உருவாக்கியவரே சொல்லியும் எத்தனை பேர் எடுத்தோம்? ஜூன் 25ஆம் தேதி சான்செக் என்ற பாதுகாப்பு நிறுவனம் விஷயத்தை அம்பலப்படுத்தியபோது, 1,00,000க்கும் மேற்பட்ட தளங்களில் அந்த வரி இருந்தது.

அந்தக் கோடு எப்படி வேலை செய்தது என்று படித்தபோது எனக்கு அந்தப் பெரியவரின் குரல்தான் கேட்டது. குறிப்பிட்ட வகை போன்களில், குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் அது விழித்துக்கொள்ளும். பார்ப்பவர் தளத்தின் நிர்வாகி என்று தெரிந்தால் சும்மா இருந்துவிடும். பார்வையாளர் கணக்கெடுக்கும் கருவி ஏதும் பக்கத்தில் இருந்தால், எண்ணிக்கையில் தெரிந்துவிடக் கூடாதென்று தாமதித்து ஓடும். ஆட்களைச் சூதாட்டப் பக்கத்துக்குத் தள்ளிவிட அது பயன்படுத்திய டொமைன், கூகுள் அனலிட்டிக்ஸ் போலவே கண்ணுக்குத் தெரியும். ஆங்கில 'எல்' வரவேண்டிய இடத்தில் 'ஐ' போட்டிருந்தார்கள். அவசரத்தில் பார்த்தால் யாருக்கும் பிடிபடாது. வாடிக்கையாளர் புகார் சொல்வார், நாம் திறந்து பார்ப்போம், நமக்கு எல்லாம் சரியாக இருக்கும். அவர்கள் போனில்தான் கோளாறு என்று சொல்லி அனுப்புவோம். நான் அதைத்தானே சொன்னேன்!

இரண்டு நாளில் டொமைனைப் பதிவு செய்து கொடுத்த நேம்சீப் அதை முடக்கியது. தளங்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் நடுவே நிற்கும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் தன் வழியாகப் போகும் பக்கங்களில் அந்த முகவரியைத் தானே பாதுகாப்பான நகலுக்கு மாற்றிவிட்டது. 2025 மே மாதம் அமெரிக்கக் கருவூலத் துறை ஃபன்னல் மீது தடை விதித்தது. ஆசை காட்டிப் பணம் பறிக்கும் கிரிப்டோ முதலீட்டு மோசடித் தளங்களுக்கு இடவசதி செய்து கொடுத்த நிறுவனம் என்றது அந்த அறிவிப்பு. அந்த நாலு மாதமும் நம் பக்கங்களுக்குள் யாருடைய கை இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

"சரி, அது கெட்டவன் கைக்குப் போனது. நாங்கள் பெரிய, நம்பகமான நிறுவனங்களின் ஸ்கிரிப்டைத்தானே போடுகிறோம்" என்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்கு 2018 பிப்ரவரி 11ஐ நினைவுபடுத்துகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை. டெக்ஸ்ட்ஹெல்ப் என்ற நிறுவனத்தின் பிரவுஸ்அலவுட், பக்கத்தை வாய்விட்டுப் படித்துக்காட்டும் கருவி. பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் படிக்கச் சிரமப்படுகிறவர்களும் பயன்படுத்த வேண்டும் என்று அரசுத் தளங்கள் விரும்பிப் போட்டுக்கொண்டது. அதைவிட நல்ல காரணம் ஒரு ஸ்கிரிப்டுக்கு இருக்க முடியாது. அந்தக் கோப்புக்குள் யாரோ புகுந்து, பார்ப்பவர்களின் கணினியில் மொனேரோ என்ற கிரிப்டோ நாணயம் தோண்டும் கோடைச் சேர்த்துவிட்டார்கள். ஒரே கோப்பு, 4,000க்கும் மேற்பட்ட தளங்கள். பிரிட்டனின் சுகாதாரச் சேவைத் தளங்கள், அமெரிக்க நீதிமன்றங்களின் தளம், எல்லாம் அதில் உண்டு. தனிநபர் தகவல்களைக் காக்க வேண்டிய பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகமே தன் தளத்தைக் கழற்றி வைக்க வேண்டி வந்தது.

இதைக் கண்டுபிடித்துச் சொன்ன பாதுகாப்பு ஆய்வாளர் ஸ்காட் ஹெல்ம் அன்றைக்கே ஒன்றையும் சொன்னார். ஒரே ஒரு சின்னப் பண்பை அந்த வரியில் சேர்த்திருந்தால் இவ்வளவு பேரும் தப்பித்திருப்பார்கள் என்று. எஸ்.ஆர்.ஐ. என்று சொல்வோமே, அது. 2016லேயே, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு தரமாக ஏற்றுக்கொண்ட விஷயம். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து ஷா-384 என்ற முறையில் கணக்கிட்ட ஒரு கைரேகையை, ஸ்கிரிப்ட் வரியிலேயே எழுதிவிடுகிறோம். பிரவுசர் கோப்பை இறக்கியதும் கைரேகையை ஒத்துப்பார்க்கிறது. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் ஓட்டாது. சர்வர் யாருடையதாக மாறினாலும், டொமைனை யார் வாங்கினாலும், நாம் பார்த்துச் சரி என்ற அந்தக் கோப்பு மட்டும்தான் ஓடும். இதற்குக் காசு கிடையாது. கைரேகையைக் கணக்கிட ஒரு கட்டளை போதும். பொதுக் கோப்புகளை எல்லோருக்கும் வழங்கும் பெரிய சி.டி.என். தளங்கள் அந்த வரியைக் கைரேகையோடே காப்பி பண்ணத் தருகின்றன. நீளமாக இருக்கிறதென்று நம்மில் சிலர் அதை வெட்டிவிட்டு ஒட்டுவதையும் நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வெட்டாதீர்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. அவர்களே நேர்மையாகக் கோப்பை மாற்றினாலும் கைரேகை ஒத்துப்போகாமல் அந்த வசதி நின்றுவிடும். நின்றால் நிற்கட்டும் என்பது என் கட்சி. ஸ்லைடர் ஓடாத பக்கத்துக்கு ஒரு போன் வரும், பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம்.

பதிப்பு எண்ணே போடாமல், எப்போதும் கடைசிப் பதிப்பு வரட்டும் என்று விடுகிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். 2024 அக்டோபர் கடைசியில் லாட்டி-பிளேயர் என்ற அனிமேஷன் நூலகத்துக்கு (பலரும் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புக்கு) என்ன ஆனது என்று தெரியுமல்லவா? அதைப் பராமரிக்கும் ஒருவரின் டோக்கன், அதாவது புதுப் பதிப்பு வெளியிடும் அனுமதிச் சாவி, திருட்டுப்போய், புதுப் பதிப்புகள் என்ற பெயரில், கிரிப்டோ வாலட்டை இணைக்கச் சொல்லும் பொய்ப் பெட்டியைக் காட்டும் கோப்புகள் வெளிவந்தன. பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு வைத்திருந்த தளங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசிப் பதிப்பு என்று விட்டவர்களின் பக்கங்களில், அவர்கள் விரல்கூட அசைக்காமல், அந்தப் பெட்டி வந்து நின்றது.

ஆனால் என்னைக் கேட்டால், பாதி ஸ்கிரிப்டுகளுக்குக் கைரேகை தேடவே வேண்டாம். கோப்பை இறக்கி நம் சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம். ஜேக்வெரி என்ற நூலகத்தைச் சி.டி.என்.னிலிருந்து எடுத்தால் வேகம் என்று நாம் படித்த காலம் ஒன்று இருந்தது. வேறு ஏதோ தளத்தில் ஏற்கெனவே இறங்கிய கோப்பை பிரவுசர் நம் தளத்துக்கும் பயன்படுத்தும் என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். அந்தக் காரணம் செத்துப்போய் வருடங்கள் ஆகின்றன. தளத்துக்குத் தளம் கேஷை, அதாவது இறக்கிய கோப்புகளின் சேமிப்பை, பிரித்துவைப்பதை சஃபாரி முதலிலேயே தொடங்கிவிட்டது. குரோம் 2020இல் 86ஆம் பதிப்போடும், ஃபயர்ஃபாக்ஸ் 2021இல் 85ஆம் பதிப்போடும் அந்த வழிக்கு வந்தன. இப்போது எந்தத் தளமும் இன்னொரு தளத்தின் கேஷிலிருந்து எதையும் பெறுவதில்லை. வெளி முகவரிக்குப் புதிதாக ஒரு இணைப்புப் போடும் நேரம்தான் வீண். ஊர்ப் பக்கம் டவர் சரியாக எடுக்காத போனில் அது நன்றாகவே தெரியும்.

எழுத்துருக்களும் அப்படியே. ஸ்கிரிப்ட் அளவுக்கு ஆபத்து இல்லைதான். ஆனால் கூகுளிலிருந்து நேரடியாக எழுத்துருவை இழுத்ததால் பார்வையாளரின் ஐபி முகவரி அங்கே போய்விட்டது என்று, 2022 ஜனவரியில் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம் ஒரு தள உரிமையாளரை 100 யூரோ கொடுக்கச் சொன்னது. நாம் அதிகம் பயன்படுத்தும் முக்த மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாமே திறந்த உரிமத்தில் இருப்பவை. இறக்கி, தேவையான தடிமன்களை மட்டும் நம் சர்வரில் வைத்துக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

நம் சர்வருக்குக் கொண்டுவந்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்றும் நினைத்துவிடாதீர்கள். 2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் திருடர்கள் மாற்றியது அந்நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே இருந்த மாடர்னைசர் என்ற ஸ்கிரிப்ட் கோப்பைத்தான். கடைசியில் சேர்த்தது வெறும் 22 வரிகள். பணம் கட்டும் பட்டனை அழுத்தியதும் கார்டு விவரத்தை இன்னொரு டொமைனுக்கு அனுப்பியது. ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 5 வரை யாருக்கும் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. 2020இல் 2 கோடி பவுண்டு அபராதம் விழுந்தது. வீட்டுக்குள் வைத்திருக்கும் கோப்பு மாறியிருக்கிறதா என்று நாமும் அவ்வப்போது பார்க்கத்தான் வேண்டும். ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே பாஸ்வேர்டை ஐந்து தளங்களுக்கு வைத்திருப்பவர்கள் முதலில் அதை மாற்றுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது படிவம் உள்ள பக்கங்கள். அதே 2018இல் டிக்கெட்மாஸ்டர் நிறுவனத்துக்கு நடந்ததைப் பாருங்கள். இன்பென்டா என்ற நிறுவனம் செய்து கொடுத்த சாட்பாட் ஸ்கிரிப்டைப் பணம் கட்டும் பக்கத்திலும் வைத்திருந்தார்கள். அந்த ஸ்கிரிப்டில் கை வைத்தவர்களுக்குக் கார்டு எண்கள் தானாக வந்து விழுந்தன. அதைப் பணப் பக்கத்தில் வைப்பது எங்களுக்குத் தெரியாது, கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்போம் என்றது இன்பென்டா. டிக்கெட்மாஸ்டர், தவறு வெளி நிறுவனத்தில் என்றது. பிரிட்டனின் தகவல் ஆணையர் அந்த வாதத்தை ஏற்கவில்லை. 2020 நவம்பரில் 12.5 லட்சம் பவுண்டு அபராதம் டிக்கெட்மாஸ்டருக்குத்தான் வந்தது. பக்கத்தில் ஏற்றியவர் யாரோ அவர் பதில் சொல்ல வேண்டும்.

சாட் வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டால் முகப்பில் வைப்போம். தொடர்பு பக்கத்தில் வைப்போம். டோக்கன் போடும் பக்கத்தில், அட்மிஷன் படிவத்தில், நன்கொடை கட்டும் இடத்தில் அதற்கு என்ன வேலை? நாம் பொது அடிப்பகுதியில் ஒரு தடவை ஒட்டிவிடுவதால்தான் அது எல்லா இடத்துக்கும் போகிறது. இரண்டு அடிப்பகுதி வைத்துக்கொள்ளுங்கள். படிவப் பக்கங்களுக்கென்று ஒன்று, அதில் வெளி ஸ்கிரிப்ட் எதுவும் கிடையாது. அரை மணி நேர வேலை.

ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேயின் ஸ்கிரிப்ட் மட்டும் இதில் விதிவிலக்கு. அதை நாம் நகலெடுத்து வைக்க முடியாது, கைரேகையும் போட முடியாது. அவர்கள் மாற்றிக்கொண்டே இருப்பார்கள், மாற்றத்தான் வேண்டும். அங்கே நம்பித்தான் ஆக வேண்டும். நம்புகிறோம் என்று தெரிந்து நம்புவோம், அந்தப் பக்கத்தில் வேறு யாரையும் கூட உட்கார வைக்காமல் இருப்போம். கார்டு விவரம் வாங்கும் பக்கங்களுக்கான பி.சி.ஐ. டி.எஸ்.எஸ். தரத்தின் நான்காம் பதிப்பு, அங்கே ஓடும் ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் பட்டியல் போட்டு, எதற்காக என்று காரணம் எழுதி, அனுமதி கொடுத்து வைக்கச் சொல்கிறது. 2025 மார்ச் 31க்குப் பிறகு அந்த விதி நடைமுறைக்கு வந்துவிட்டது. நம் வாடிக்கையாளர்களில் பலர் கேட்வேயின் பக்கத்துக்கே ஆளை அனுப்பிவிடுவதால் அது அவர்களைத் தொடாமல் போகலாம். ஆனாலும் காரணம் எழுதி வைக்கும் பழக்கம் எல்லாப் பக்கத்துக்கும் நல்லது. நான் எழுத உட்கார்ந்தபோது பல ஸ்கிரிப்டுகளுக்குக் காரணமே கிடைக்கவில்லை. "யாரோ கேட்டாங்க" என்பதற்கு மேல் ஒன்றும் எழுத வரவில்லை. அவற்றை எடுத்துவிட்டேன். எடுத்ததை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை.

விளம்பரம் பார்த்துக்கொள்ளும் ஏஜென்சிகள் விஷயத்தில் கொஞ்சம் கறாராகவே இருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். "டேக் மேனேஜர் ஐடி அனுப்பறோம், அதை மட்டும் போட்டுடுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்பார்கள். அந்த 'மத்தது' என்ன என்று நமக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அந்த லாகின் கையில் இருக்கும் எவரும், நம் கோடைத் தொடாமலே, எந்த ஸ்கிரிப்டையும் எந்தப் பக்கத்திலும் ஏற்றலாம். ஒரு பள்ளிக்கூடத்தின் கணக்கைத் திறந்து பார்த்தபோது, அவர்கள் எப்போதோ மாற்றிவிட்ட பழைய ஏஜென்சியின் ஆட்கள் நாலு பேர் இன்னும் உள்ளே இருந்தார்கள். அந்தப் பள்ளியின் அட்மிஷன் படிவத்தில் பிள்ளையின் பிறந்த தேதி, சாதிச் சான்றிதழ் எண், பெற்றோர் சம்பளம் எல்லாம் கேட்கிறார்கள். அந்த நாலு பேரும் நல்லவர்களாகவே இருக்கட்டும். அவர்களில் ஒருவரின் ஜிமெயில் பாஸ்வேர்ட் திருட்டுப்போனால் போதும்.

யாரும் எதையும் திருடாமல், ஸ்கிரிப்ட் தன் வேலையை ஒழுங்காகச் செய்தாலே நம் ஆளுக்குத் துரோகம் நடக்கிற இடமும் உண்டு. 2022 ஜூனில் தி மார்க்கப் என்ற செய்தித் தளம் அமெரிக்காவின் முன்னணி 100 மருத்துவமனைகளின் தளங்களைச் சோதித்தது. 33 தளங்களில், ஒருவர் அப்பாயின்ட்மென்ட் பட்டனை அழுத்தியதும் ஃபேஸ்புக்கின் பிக்சல் என்ற கண்காணிப்பு ஸ்கிரிப்ட் அந்தத் தகவலை ஃபேஸ்புக்குக்கு அனுப்பியது. சில இடங்களில் எந்த டாக்டர், எந்த நோய்க்காகத் தேடினார் என்பதுவரை போனது. பிக்சல் அதற்கென்றே செய்யப்பட்டது, வைத்தவர்கள் யோசிக்கவில்லை. நம் ஊரில் ஒரு பெண் குழந்தையின்மைக்கோ மனநலத்துக்கோ டாக்டர் தேடுவதை மாமியாருக்குத் தெரியாமல் செய்கிறாள். அவள் நம்பி வந்த பக்கத்தை நாம் கட்டியிருக்கிறோம்.

நம் நாட்டிலும் சட்டம் வந்துவிட்டது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவலை வாங்குபவர்தான் பொறுப்பு என்கிறது. அவர் சார்பில் வேறொருவர் கையாண்டாலும் பொறுப்பு அவருடையதே. தக்க பாதுகாப்பு செய்யாவிட்டால் ரூ.250 கோடி வரை அபராதத்துக்கு இடம் வைத்திருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நம் டாக்டரும் தலைமையாசிரியரும் இதைப் படித்திருக்க மாட்டார்கள். சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

வேலையாகச் சொன்னால் நான் செய்வது இதுதான். கடிகாரம், வானிலை, எண்ணிக்கை, ஷேர் பட்டன் எல்லாம் எடுத்தாயிற்று. வாட்ஸாப்பில் பகிர ஒரு சாதாரண இணைப்பே போதும். மேப் வேண்டுமென்றால் ஐஃப்ரேம் என்ற தனிப் பெட்டிக்குள் வைக்கிறேன், அதிலிருந்து நம் படிவத்தை எட்டிப்பார்க்க முடியாது. மிச்சம் இருப்பவற்றுக்கு சி.எஸ்.பி. எழுதுகிறேன்: இந்தப் பக்கத்தில் இன்னின்ன முகவரிகளிலிருந்துதான் ஸ்கிரிப்ட் வரலாம், இன்னின்ன இடத்துக்குத்தான் தகவல் போகலாம் என்று பிரவுசருக்கு நாம் தரும் உத்தரவு. முதலில் எதையும் தடுக்காமல் அறிக்கை மட்டும் அனுப்பும்படி இரண்டு வாரம் ஓடவிட்டால், நம் பக்கம் யார் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறது என்று நமக்கே தெரியவரும். முதல் அறிக்கையைப் பார்த்தபோது எனக்குப் பெயர் தெரியாத பதினோரு டொமைன்கள் அதில் இருந்தன. நான் கட்டிய தளம் அது.

புதிதாக யாராவது ஒரு ஸ்கிரிப்டைப் போடச் சொன்னால், "இதை இன்னும் ஐந்து வருடத்தில் யார் நடத்திக்கொண்டிருப்பார்கள்?" என்று கேட்கிறேன். இலவசச் சேவை என்றால் எதை வைத்து நடத்துகிறார்கள் என்றும் கேட்கிறேன். பதில் இல்லாவிட்டால் போடுவதில்லை. அதனால் ஒரு வேலை கைவிட்டுப் போயிருக்கிறது. பரவாயில்லை.

உங்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு தாள். தளத்தை ஒப்படைக்கும்போது பில்லோடு சேர்த்துக் கொடுங்கள். இந்தத் தளத்தில் ஓடும் வெளி ஸ்கிரிப்டுகள் இவை, இன்னாருடையவை, இந்தப் பக்கங்களில் இருக்கின்றன, இந்தக் காரணத்துக்காக வைத்தோம், இந்தத் தேதியில் பார்த்தோம் என்று தமிழில், டாக்டருக்கும் தலைமையாசிரியருக்கும் புரிகிற மாதிரி எழுதுங்கள். வருடப் பராமரிப்புக்குப் பணம் வாங்குகிறோம் அல்லவா, அந்தத் தாளை வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பதும் அதில் சேரட்டும். பத்து பேர் செய்யத் தொடங்கினால் "உங்க பக்கத்துக்கு அந்தத் தாள் எங்கே?" என்று வாடிக்கையாளரே கேட்கும் நிலை வரும். என் பழைய தளங்களுக்கு ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. மாதிரி வேண்டுமென்றால் தருகிறேன், மாற்றி உங்கள் பெயரிலேயே பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கண் மருத்துவமனையின் பக்கத்தில் அந்த எண் இன்னமும் ஓடுகிறது. டாக்டருக்கு அது இல்லாமல் முடியவில்லை. சர்வரின் சொந்தப் பதிவிலிருந்து தினமும் நள்ளிரவில் எண்ணி, வெறும் எழுத்தாகப் பக்கத்தில் எழுதிவிடும்படி ஒரு சின்ன நிரல் வைத்திருக்கிறேன். காலையில் வந்ததும் அவர் முதலில் அதைத்தான் பார்க்கிறாராம், வரவேற்பு அக்கா சொன்னார்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்